செகண்ட்ஹேண்ட் ஆகாசம்!

அமெரிக்காவில் சான் ஹோஸே பக்கம் பிள்ளையோ பெண்ணோ இருந்து, பார்த்துவிட்டு வந்த அப்பா அம்மாக்களைக் கேளுங்கள். தவறாமல் மூன்று இடங்கள் சொல்வார்கள். கோல்டன் கேட் பாலம். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில். அப்புறம், பையன் வேலை பார்க்கும் கம்பெனியின் வாசல் போர்டு (அதன் முன்னால் நின்று ஒரு போட்டோ).

நாலாவதாக ஒரு இடம் உண்டு. அந்த ஊரில் எந்தப் பெரிய தெருவில் நின்று கிழக்கே பார்த்தாலும் மலை உச்சியில் வெள்ளையாக ஒரு பொட்டு தெரியும். ஹாமில்டன் மலை. மேலே இருப்பது லிக் வானாராய்ச்சி நிலையம். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே ஆபீஸ் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில். ஏறிப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

"அங்க என்ன மாமா இருக்கு? பழைய டெலஸ்கோப்பு. அவ்வளவுதான்" என்றான் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போன அக்கா பையன். சாஃப்ட்வேர்காரன். பழையது என்றாலே அவனுக்கு அலர்ஜி. மூன்று வருஷமான போனைக் கையில் வைத்திருப்பதே தியாகம் என்று நினைக்கிற ஜாதி.

அவனுக்குச் சொன்ன கதைதான் இது. மலை உச்சியில் கோடீஸ்வரர் பணத்தில் கட்டிய ராட்சச டெலஸ்கோப்பின் நிழலில், இரண்டு பழைய லென்ஸ்கள் செய்த வேலை. இரண்டையும் பிரிப்பது சுமார் நூறு வருஷம்.

சாலையைப் பற்றி முதலில். நம் கொல்லிமலைக்காரர்கள் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிச் சொல்வது மாதிரி, இந்த ஊர்க்காரர்களும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை வளைவு, 365. (நான் நாற்பதோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். வயிறு வேறு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.) ஆனால் செங்குத்தான ஏற்றம் எங்கேயும் இல்லை. 1876-ல் போட்ட ரோடு. டெலஸ்கோப் சாமான்களைக் குதிரை வண்டிகள் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதால் சுற்றிச் சுற்றி, குதிரைக்கு மூச்சு வாங்காத சரிவில் அமைத்திருக்கிறார்கள். உயரம் சுமார் 4,200 அடி.

பணம் போட்டவர் ஜேம்ஸ் லிக். பியானோ செய்து பிழைத்தவர். சான் பிரான்சிஸ்கோவில் தங்க வேட்டை தொடங்குவதற்குச் சற்று முன் வந்து நிலமாக வாங்கிப் போட்டு, கலிபோர்னியாவின் பெரிய பணக்காரர் ஆனவர். தன் பெயர் நிலைக்க நகர நடுவில் எகிப்து பிரமிடை மிஞ்சும் ஒரு பிரமிடு கட்டலாமா என்று யோசித்தாராம். நல்லவேளை, யாரோ சொல்லி டெலஸ்கோப் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஏழு லட்சம் டாலர். 1876-ல் அவர் காலமானார். 1888-ல் நிலையம் தயாரானபோது 36 அங்குல லென்ஸ் வைத்த அந்த டெலஸ்கோப்தான் உலகத்திலேயே பெரியது. அதைத் தாங்கும் தூணின் அடியில் லிக்கைப் புதைத்திருக்கிறார்கள். ஒரு பித்தளைத் தகடு, அவர் பெயர். பிரமிடு ஆசை ஒரு மாதிரி நிறைவேறிவிட்டது.

டூரிஸ்டுகள் இந்தப் பெரிய டெலஸ்கோப்பை வாய் பிளந்து பார்த்துவிட்டு, கீழே கடையில் காந்தம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நாம் கொஞ்சம் தங்குவோம்.

அந்த 1888-ல் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களில் கடைசி வரிசைக்காரர் எட்வர்ட் எமர்சன் பார்னார்ட். டென்னஸியில் நாஷ்வில் ஊர்க்காரர். பிறப்பதற்கு முன்பே அப்பா போய்விட்டார். பரம ஏழை. ஒன்பது வயதில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை. என்ன வேலை தெரியுமா? அப்போது படத்தைப் பெரிதாக்க மின்சார விளக்கு கிடையாது, சூரிய வெளிச்சம்தான். மொட்டை மாடியில் இருந்த பிரம்மாண்டமான கருவியை, நகர்கிற சூரியனுக்கு நேராகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நாள் பூரா. மற்ற பையன்கள் தூங்கி விழுந்த வேலை அது. இவன் தூங்கவில்லை.

வானத்தில் ஒன்று நகர, அதன் பின்னாலேயே கருவியைப் பொறுமையாக நகர்த்துவது. பிற்காலத்தில் இவர் பெயரை நிலைநிறுத்தப் போவது அதே வேலைதான் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

லிக்கில் சேர்ந்த பிறகு ஆபீஸ் அரசியல். பெரிய டெலஸ்கோப் சீனியர்களுக்கு. ஜூனியர் பார்னார்டுக்குச் சின்னக் கருவிகள். டைரக்டருக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது. (ஏசி ரூமும் சுழல் நாற்காலியும் யாருக்கு, ஓரத்து மேஜை யாருக்கு என்பது எந்த நாட்டிலும் எந்த நூற்றாண்டிலும் ஒரே சட்டம்.) சண்டை போட்டு, ரொம்ப நாள் கழித்து, 1892-ல்தான் வாரத்தில் ஒரு ராத்திரி, வெள்ளிக்கிழமை, பெரிய டெலஸ்கோப்பைக் கொடுத்தார்கள். அதே வருஷம் செப்டம்பர் 9. வெள்ளிக்கிழமை. வியாழனின் ஐந்தாவது நிலாவைக் கண்டுபிடித்தார். 1610-ல் கலிலியோ நாலு நிலாக்களைப் பார்த்த பிறகு அதுவரை யாருக்கும் அகப்படாத ஐந்தாவது!

ஆனால் நம் கதை அதற்கு மூன்று வருஷம் முந்தியது. பெரிய கருவி கிடைக்காத நாட்களில் பார்னார்ட் கையில் இருந்தது ஒரு பழைய லென்ஸ். 'வில்லர்டு லென்ஸ்' என்று பெயர். 6 அங்குல அகலம், 31 அங்குல குவியத் தூரம். மனுஷ முகங்களைப் படம் பிடிக்கச் செய்த போர்ட்ரெய்ட் லென்ஸ்.

முகம் பிடிக்க எதற்கு இவ்வளவு பெரிய லென்ஸ்? பழைய 'ஈரத் தகடு' காலத்தில் தகட்டுக்கு வெளிச்சம் போதாது. கல்யாணப் பெண் மாதிரி அசையாமல் பல விநாடிகள் உட்கார வேண்டும். சீக்கிரம் முடிய வேண்டுமானால் லென்ஸ் குண்டாக இருந்து வெளிச்சத்தை அள்ளிக் கொட்ட வேண்டும். பிறகு வேகமான உலர்ந்த தகடுகள் வந்தன. ஸ்டுடியோக்காரர்களுக்கு இந்தக் குண்டு லென்ஸ்கள் தேவையில்லாமல் போயின. அதாவது, காயலான் கடைச் சரக்கு.

ஸ்டுடியோ கழித்துவிட்ட அதே குணம்தான் ஆகாசத்துக்கு வேண்டியிருந்தது. எப்படி என்றால், 36 அங்குல டெலஸ்கோப்பின் குழாய் ஐம்பத்தேழு அடி நீளம். அது சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் மூக்கு மட்டும் ரொம்பப் பெரிதாகத் தெரியும். வில்லர்டு லென்ஸ் ஜன்னல். யானை, நாயனம், பெட்ரோமாக்ஸ் எல்லாம் ஒரே பார்வையில். மேலும் ஒரு விஷயம். நெபுலா மாதிரி பரவலாகக் கிடக்கும் மங்கல் ஒளியைப் படம் பிடிக்கும்போது, லென்ஸ் எத்தனை பெரியது என்பதைவிட, குவியத் தூரத்தை அகலத்தால் வகுத்தால் வரும் 'எஃப் எண்'தான் முக்கியம். அது சிறியதாக இருக்க வேண்டும். பெரிய டெலஸ்கோப்புக்கு அது 19. பழைய போர்ட்ரெய்ட் லென்ஸுக்கு சுமார் 5. ஆகாச கங்கை விஷயத்தில் ஜெயிப்பது யார் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

பார்னார்ட் அந்த லென்ஸைப் பெட்டியில் பொருத்தி, ஒரு சின்ன டெலஸ்கோப்போடு சேர்த்துக் கட்டினார். டெலஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஒரு நட்சத்திரம் குறுக்குக் கம்பியை விட்டு விலகாதபடி கையால் திருத்திக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்தார். 1889 ஆகஸ்டில் பால்வீதியின் படம் விழுந்தது. அதுவரை வானத்தில் சிந்திய பால் மாதிரி தெரிந்த இடம், தகட்டில் மேகம் மேகமாக நட்சத்திரக் குவியல். நடுவில் கரிய ஓடைகள். அந்தக் கறுப்பு என்ன, வானத்தில் ஓட்டையா? பார்னார்டே பல வருஷம் குழம்பினார். பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை மறைக்கிற தூசி மேகங்கள் அவை என்பது பிறகு நிச்சயமாயிற்று. 1919-ல் அப்படி 182 கரும்புள்ளிகளுக்குப் பட்டியல் போட்டார். இன்றைக்கும் வானியலில் அவற்றுக்கு 'பி' போட்டுத்தான் நம்பர். 'பி' என்றால் பார்னார்ட்.

1892 அக்டோபரில் அதே வில்லர்டு லென்ஸ் ஒரு வால் நட்சத்திரத்தைத் தகட்டில் பிடித்துக் கொடுத்தது. கண்ணால் தேடாமல் போட்டோவில் கண்டுபிடித்த முதல் வால் நட்சத்திரம்.

அதோடு விட்டாரா? 1894 அக்டோபரில் இன்னும் மலிவுக்கு இறங்கினார். சுவரில் படம் காட்டும் மேஜிக் லான்டர்ன் விளக்கிலிருந்து ஒரு லென்ஸ். அகலம் ஒன்றரை அங்குலம்! அதை வைத்து மிருகசீரிஷம், திருவாதிரை இருக்கும் ஓரியன் மண்டலத்தைப் படம் எடுத்தார். ஓரியனின் இடுப்புப் பட்டையைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஒரு பிரம்மாண்டமான ஒளி வளையம் விழுந்தது. அவருக்கு ஐந்து வருஷம் முன்பு பிக்கரிங் என்பவரும் ஒரு சின்ன போர்ட்ரெய்ட் லென்ஸில் அதைப் பிடித்திருந்தார். ஆனாலும் பெயர் 'பார்னார்ட் வளையம்' என்றே நின்றுவிட்டது. பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஐம்பத்தேழு அடிக்காரர் இதைப் பார்த்திருக்கவே முடியாது. அதன் பார்வைக்குள் அடங்காத அளவு பெரிது.

"பொம்மை லென்ஸா!" என்று அக்கா பையன் முதல் முறையாக ரோட்டைவிட்டு என்னைப் பார்த்தான். "முன்னால பாருப்பா, வளைவு" என்றேன்.

இனி இரண்டாவது லென்ஸ்.

மலையிலிருந்து கீழே பார்த்தால் சமவெளி முழுக்கக் கம்பெனிகள். அந்தக் கூட்டத்துக்குள் மௌண்டன் வியூ பக்கத்தில் நாஸாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையம். அங்கே வில்லியம் போருக்கி என்று ஒருவர் 1962-ல் வேலைக்குச் சேர்ந்தவர். அப்போலோ விண்கலத்தின் வெப்பக் கவசத்துக்காக உழைத்தவர். 1984-லிருந்து அவருக்கு ஒரே பித்து. ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் அதன் கிரகம் கடக்கும்போது வெளிச்சம் துளி குறையும். அதை அளந்தால் கிரகம் இருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம். வியாழன் அளவு கிரகம் என்றால் நூற்றில் ஒரு பங்கு குறையும். பூமி அளவு என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்த நட்சத்திரத்தில் எப்போது நடக்கும் என்று தெரியாது. ஆகவே ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களை ஒரே சமயத்தில், விடாமல் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு விண்கலம் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார்.

இனி வருவது ஆபீஸ் போகிறவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி. 1992: பைல் திரும்பியது. அவ்வளவு துல்லியமாக அளக்கும் கருவியே கிடையாதே! 1994: திரும்பியது. செலவு ஜாஸ்தி. 1996: திரும்பியது. ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களை ஒரே சமயத்தில் அளந்து காட்டியவர் யார்? 1998: மறுபடி திரும்பியது. நிஜமான விண்கல ஆட்டத்தில் அந்தத் துல்லியம் நிற்குமா?

நம்மில் ஒருவர் என்றால் இரண்டாவது குறிப்போடு வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்திருப்போம். போருக்கி ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் ஒரு பதிலைச் செய்து காட்டினார். மூன்றாவது ஆட்சேபத்துக்குப் பதில்தான் நம் லென்ஸ்.

இரண்டாம் உலக யுத்தத்தில் விமானத்திலிருந்து தரையை உளவு பார்த்துப் படமெடுக்க கோடாக் கம்பெனி 'ஏரோ எக்டார்' என்ற லென்ஸ்களைச் செய்தது. எஃப் எண் 2.5. ராத்திரியிலும் படமெடுக்கும் அளவுக்கு வெளிச்சத்தை அள்ளும். யுத்தம் முடிந்தது. லென்ஸ்கள் உபரிச் சரக்காக வெளியே வந்தன. அந்த ஜாதியில் 30 செ.மீ. குவியத் தூரம் உள்ள ஒன்றின் பின்னால் மின்னணுத் தகட்டைப் பொருத்தினார்கள். கொண்டுபோய் வைத்த இடம் இதே ஹாமில்டன் மலை, கிராக்கர் டோம் என்ற சின்னக் கூண்டு. கிராக்கர் யார் என்கிறீர்களா? அந்தக் காலத்தில் பார்னார்டின் வில்லர்டு லென்ஸுக்கு ஒழுங்கான ஸ்டாண்டு வாங்கப் பணம் கொடுத்த புண்ணியவான்!

கருவிக்கு 'வல்கன்' என்று பெயர். சுமார் 6,000 நட்சத்திரங்களை ஒரே சமயத்தில் அளந்தது. உறுதியான கிரகம் ஒன்றுகூட அதற்கு அகப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 'இது முடியும்' என்று காட்டிவிட்டது. நாலாவது ஆட்சேபத்துக்கு ஆய்வுக்கூடத்தில் செயற்கை நட்சத்திரங்களை வைத்துப் பதில் சொன்னார்கள். ஐந்தாவது முறை பைல் போயிற்று. 2001 டிசம்பரில் அனுமதி. 2009 மார்ச்சில் 'கெப்ளர்' விண்கலம் கிளம்பியது. 2018-ல் ஓய்வு பெறுவதற்குள் 2,600-க்கும் மேற்பட்ட கிரகங்கள். கிரகம் இல்லாத நட்சத்திரம்தான் அபூர்வம் என்று நமக்குத் தெரிந்தது அதனால்தான்.

இது இந்த மலையோடு நிற்கிற கதையும் இல்லை. 'கெல்ட்' என்ற திட்டத்தில், மமியா போட்டோ கேமராவின் 80 மி.மீ. லென்ஸை வைத்து வானத்தைத் துழாவினார்கள். 2017-ல் அறிவிக்கப்பட்ட கெல்ட்-9பி கிரகம் அதன் அறுவடை. பகல் பக்கத்தில் சூடு நாலாயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல். பல நட்சத்திரங்களைவிடக் கொதிக்கிற கிரகம்! லென்ஸ் என்னவோ கல்யாண போட்டோ எடுக்கிற அளவுதான்.

சரி, நமக்கு என்ன லாபம்? இருக்கிறது.

பிலிம் கேமராக்கள் போன பிறகு அவற்றின் லென்ஸ்கள் உலகம் பூராவும் அநாதையாகக் கிடக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணிலும், பெரியப்பாவின் பீரோவிலும்கூட. மரை திருகும் 'எம்42' வகை லென்ஸ்கள், ருஷ்ய ஹீலியோஸ், ஜூபிடர், ஜப்பானிய டாகுமார், பழைய மார்க்கெட்டில் சல்லிசு. ஒரு பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். உடம்பு கிடைத்தால் பார்னார்ட் பொறாமைப்படும் கேமரா தயார்.

வாங்கும்போது சில விஷயங்கள். லென்ஸின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. வேண்டாம். எம்42 லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே 45.46 மி.மீ. தூரம் வேண்டும். கானன் எஸ்.எல்.ஆரில் அது 44. நடுவில் சுமார் ஒன்றரை மி.மீ.க்கு ஒரு வளையம் போட்டால் சரியாக உட்காரும். நிக்கானில் 46.5. இடமே இல்லை. வளையம் மாட்டினாலும் தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகாது. நட்சத்திரத்தைவிடத் தூரத்துப் பொருள் எது? ஆகவே நிக்கான்காரர்கள் அதன் சொந்த லென்ஸையே தேடவும். கண்ணாடியில்லாத 'மிர்ரர்லெஸ்' கேமரா என்றால் கவலை இல்லை, ஏறக்குறைய எதையும் மாட்டலாம்.

சில பழைய லென்ஸ்கள் டீ டிகாக்ஷன் நிறத்தில் மஞ்சளித்திருக்கும். தோரியம் கலந்த கண்ணாடி. கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. கேமராவில் மாட்டிப் படமெடுப்பதில் பயமில்லை. கண்ணருகே ஐபீஸாக வைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், தலைமாட்டில் வைத்துத் தூங்காதீர்கள்.

லென்ஸ் மலிவு. ஆனால் பூமி சுற்றுகிறதே! 50 மி.மீ. லென்ஸில்கூடப் பத்து விநாடிக்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாகிவிடும். பின்னாலேயே திரும்பும் ஸ்டாண்டு வாங்கப் போனால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதற்கும் ஒரு ஏழைப் பங்காள வைத்தியம் உண்டு. 1975-ல் ஜார்ஜ் ஹெய்க் என்பவர் ஒரு வானியல் பத்திரிகையில் எழுதியது. இரண்டு பலகை. ஒரு பக்கம் கதவுக் கீல். மறுபக்கம் ஒரு போல்ட். போல்ட்டைத் திருகத் திருக மேல் பலகை புத்தகம் மாதிரி மெல்லத் திறக்கும். அதன்மேல் கேமரா.

கணக்கு சுலபம். நட்சத்திரங்கள் ஒரு சுற்று வர 1,436 நிமிஷம். சாதாரண 6 மி.மீ. போல்ட் ஒரு திருகுக்கு 1 மி.மீ. நகரும். 1,436 மி.மீ. சுற்றளவுள்ள வட்டத்துக்கு ஆரம் சுமார் 228.5 மி.மீ. கீலிலிருந்து அந்தத் தூரத்தில் போல்ட்டை வைத்து, நிமிஷத்துக்கு ஒரு சுற்று திருகினால் பலகை நட்சத்திரத்தோடு போகும். கையால் திருகலாம். விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு, கால் நிமிஷத்துக்குக் கால் சுற்று. கீலின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். ஹாமில்டன் மலையில் அது அடிவானத்திலிருந்து 37 டிகிரி உயரத்தில் இருக்கும். சென்னையில் 13 டிகிரிதான். எதிர் வீட்டு மாடி மறைக்காத மொட்டை மாடி அவசியம்.

லென்ஸில் உள்ள 'முடிவிலி' குறியை நம்பாதீர்கள். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, புள்ளி சின்னதாகும்வரை திருப்பி, டேப் ஒட்டிவிடுங்கள். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று நூறு படம் எடுத்து, சிரில், டீப்ஸ்கைஸ்டேக்கர் மாதிரி இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், படத்தின் கரகரப்பு பத்தில் ஒரு பங்காகும். மணிக்கணக்கில் பார்னார்ட் வலித்த கழுத்தோடு செய்ததைக் கம்ப்யூட்டர் காபி குடிக்கும் நேரத்தில் செய்யும்.

இந்தச் சிக்கனம் எல்லாம் ஊர் வெளிச்சத்தை மட்டும் ஜெயிக்காது. லிக்குக்கே அந்தக் கஷ்டம் உண்டு. 1980-ல் சான் ஹோஸே நகரம் இவர்களுக்காகவே மஞ்சள் சோடியம் தெருவிளக்குகளுக்கு மாறியது. ஒரே நிறம் என்பதால் வடிகட்டிவிடலாம். பிறகு எல்.ஈ.டி. வந்தது. 2020 ஆகஸ்டில் காட்டுத் தீ மலை உச்சி வரை ஏறி, பணியாளர் வீட்டை எரித்தது. தீயணைப்பு வீரர்கள் போராடி டோம்களைக் காப்பாற்றினார்கள். சாலையோரத்தில் கருகிய மரங்களைப் பார்த்தபடிதான் ஏற வேண்டியிருந்தது. போகிறவர்கள் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போகவும். ராத்திரி அங்கே ஹெட்லைட் போட்டுக்கொண்டு சுற்றுவது, சங்கீதக் கச்சேரியில் தகர டப்பாவை உருட்டுவதற்குச் சமம்.

மார்கழி ராத்திரி ஒன்பது மணிக்கு, ஊரைவிட்டுத் தள்ளி இருட்டான இடத்தில் கிழக்கே பாருங்கள். மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக, அதன் இடப்பக்கம் சிவப்பாகத் திருவாதிரை. பார்னார்டின் வளையம் அங்கேதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கேமராவின் உள்ளே சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியை விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து எடுத்துவிட்டால், பெரியப்பாவின் பழைய 50 மி.மீ. லென்ஸே அதைப் பிடித்துவிடும்.

மலையிறங்கிய மறுவாரம் அக்கா பையன் ஒரு ஹீலியோஸ் லென்ஸ் வாங்கிவிட்டான். அவனைவிட வயதில் மூத்த சரக்கு. அவன் ஆயுளிலேயே முதல் பழைய சாமான். பெரியப்பாவிடம் நீங்களும் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் பீரோவில் இடம் காலியாகும்.